மேற்கு சுட்ட வீட்டைத் திருப்பியவள்

தறுகண்மை என்னும் குணம் போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. கொளுத்தும் கோடையின் முன்னும் அது கண்ணிமையாமல் நிற்கும். உன் நன்மைக்காகத்தான் சொல்கிறோம், வீட்டை விட்டுக் கிளம்பு என்று அன்புடையோர் சொல்லும்போது நிலைகுலையாமல் நிற்பது அதனினும் அரிது. அக்குணம் வாய்க்கப்பெற்றவள் வில்மா டகெட். அரிசோனாப் பாலையில் டிரெய்லர் வீடுகள் வரிசையாய் நிற்கும் முகாமொன்றில், கணவர் ஹாங்க் காலமான பின்னும் தன் டிரெய்லரிலேயே தனித்து வாழ்ந்தவள். வயது எழுபதைக் கடந்திருந்தது.

அம்முகாமுக்கு வருவோர் வடக்கத்திப் பனிக்கு அஞ்சி வருவோர். ஆதலின் டிரெய்லரின் நீண்ட பக்கத்தையும் பெரிய ஜன்னலையும் மேற்கு நோக்கியே நிறுத்துவர். குளிர்கால மாலைவெயிலில் ஒரு துளியையும் இழக்க மனம் வராது. பிறகு வாசலில் மரமேடை கட்டுவர், கல் பதிப்பர், கள்ளிச்செடி நடுவர். வெயில் ஏறத் தொடங்கியதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வடக்கே போய்விடுவர். வில்மா மட்டும் போகமாட்டாள்.

முந்தைய கோடையில், அவளைப்போலவே போகாமல் தங்கிவிட்ட அடுத்த வரிசைக் கிழவர் ஒருவர் தம் டிரெய்லருக்குள்ளேயே வெப்பம் தாக்கி இறந்துபோனார். அதனால் இவ்வாண்டு முகாம் பொறுப்பாளன் டுவெய்ன், உரிமையாளரின் கட்டளையோடு வில்மாவின் வாசலுக்கு வந்தான்.

"சனிக்கிழமை சாயங்காலம் தெர்மாமீட்டரோட வருவேன் மேடம். உள்ள தொண்ணூறு டிகிரியைத் தாண்டியிருந்தா, அக்டோபர் வரைக்கும் நீங்க மக வீட்லதான்."

"மக வீட்ல ஏற்கெனவே மூணு பூனை இருக்கு டுவெய்ன். நாலாவதா நான் எதுக்கு?"

"வெளிய நூத்திப் பதினேழு அடிக்குது. விளையாட்டு இல்ல."

"நானும் விளையாடல. தெர்மாமீட்டரைத் தொடச்சு எடுத்துட்டு வா."

மகள் வீட்டுக்கு ஒருமுறை போனால் அக்டோபரில் திரும்பவிடமாட்டார்கள் என்பது வில்மாவுக்குத் தெரியும். ஆகவே அவ்வாரம் முழுதும் அவள் வெயிலோடு மல்லுக்கு நின்றாள். கூரைக்கு மேலே காற்று புகும்படி இடைவெளி விட்டு நிழல்வலை கட்டினாள். ஜன்னல்தோறும் அலுமினியத்தாள் ஒட்டினாள். அடுப்பை வெளியே கொண்டுபோய், காலையிலேயே பீன்ஸ் வேகவைத்து முடித்தாள். ஏசி மூச்சுவிடாமல் ஓடியது. ஆயினும் சூரியன் மேற்கே சாய்ந்ததும் அந்த நீண்ட சுவர் தோசைக்கல்லாய்க் காய்ந்தது, உள்ளே தொண்ணூற்றாறு. வெள்ளிக்கிழமையும் அதே தொண்ணூற்றாறு.

அன்று மாலை, டிரெய்லரின் அடியில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று குனிந்து பார்த்தவள், புழுதி படிந்த சக்கரங்களைக் கண்டு அப்படியே நின்றாள். இத்தனை ஆண்டுகளாய் அவள் மறந்திருந்தது அதைத்தான். அம்முகாமில் எல்லோரும் மறந்திருந்ததும் அதைத்தான். சக்கரத்தின்மேல் நிற்கும் வீட்டை மேற்கு சுடுகிறதென்றால், மேற்கை நொந்து பயன் என்ன?

அம்மாவின் பெட்டிகளை ஏற்றிச் செல்ல மறுநாள் விடியலிலேயே மகள் ரோண்டா வந்து இறங்கினாள். அப்போது வில்மா கடப்பாரையால் வாசல் மேடையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அதை அகற்றாமல் டிரெய்லர் ஓர் அடியும் நகராது.

"அம்மா, என்ன பண்ற? அது அப்பா கட்டினது."

"தெரியும். ஒவ்வொரு ஆணியையும் கோணலாத்தான் அடிச்சிருக்காரு. பிடுங்க உயிர் போகுது."

"உனக்கு மனசே வலிக்கலையா?"

வில்மா கடப்பாரையை ஊன்றிச் சற்று நின்றாள். "வலிக்குது. ஆனா உங்கப்பா குளிருக்குக் கட்டினாரு, நான் வெயில்ல இருக்கேன். அந்தப் பலகையைப் பிடி."

ரோண்டா பிடித்தாள். பிடிக்காமல் இருந்திருந்தால் அது அவள் காலில் விழுந்திருக்கும்.

சக்கரங்களுக்குக் காற்றடித்து, குழாயும் மின்கம்பியும் கழற்றி, தன் பழைய பிக்கப் வண்டியில் டிரெய்லரைக் கோத்தாள் வில்மா. ரோண்டா பின்னால் நின்று கைகாட்டினாள்.

"இடமா வலமா? கை காத்தாடி மாதிரி சுத்துதே!"

"கண்ணாடியைப் பார்த்து ஓட்டும்மா. கள்ளிச்செடி மேல ஏத்தாத."

"அது போன வருஷமே செத்துப்போச்சு. ஏத்தினாலும் ஒண்ணும் சொல்லாது."

முன்னும் பின்னும் பலமுறை இழுத்து, இருவரும் ஒருவரையொருவர் ஏசி முடிப்பதற்குள் வீடு திரும்பிவிட்டது. இப்போது குறுகிய முகப்பு மட்டும் மேற்கைப் பார்த்தது. பெரிய ஜன்னல் வடக்கே நிழலில் கிடந்தது. நிழல்வலையை இழுத்துக் கட்டி, மின்சாரத்தை இணைத்து, ஏசியை ஓடவிட்டு, இருவரும் உள்ளே பீன்ஸும் ரொட்டியும் தின்றார்கள். பெட்டிகளைப் பற்றி இருவருமே பேசவில்லை.

டுவெய்ன் சொன்னபடி வந்தான். மேடை இல்லாத வாசலில் கால் எட்டாமல் தடுமாறி ஏறி, தெர்மாமீட்டரைச் சமையலறை நடுவே தொங்கவிட்டு அமர்ந்தான். வில்மா நின்றபடியே இருந்தாள். ரோண்டா நகத்தைக் கடித்தாள். பாதரசம் அசைந்து அசைந்து எண்பத்தெட்டில் நின்றுவிட்டது. டுவெய்ன் தட்டிப் பார்த்தான். அது ஏறவில்லை.

"இன்னும் ஆகஸ்ட் இருக்கு மேடம்."

"ஆகஸ்டையும் வரச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான். "நீங்க இங்கயே இருக்கட்டும்னு ஓனர்கிட்ட சொல்லிடறேன். ஏசி நின்னா அந்த நிமிஷமே எனக்கு போன் பண்ணணும்."

"பண்றேன். அதுல வீம்பு கிடையாது."

ரோண்டா வெறும் வண்டியோடு கிளம்பினாள். வண்டி ஜன்னல் வழியே, "பூனைங்க உன்னைக் கேட்டுச்சுன்னா என்ன சொல்ல?" என்றாள்.

"குளிர் வந்ததும் வந்து பாக்கச் சொல்லு."

பாலையை ஆளும் பரம்பொருளே, வில்மா டகெட்டின் மனையைக் காத்தருள்க. அனல் வீசும் நாளிலும் அதன் அகம் குளிர்ந்திருக்க. அங்கு அடுப்பெரிய, விருந்து வர, தாயும் மகளும் சிரித்து ஏசிக்கொள்ளும் ஒலி என்றும் ஓயாதிருக்க அருள்க.