மணலி சாலையில் நின்ற நான்காவது வண்டி

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் நான் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். கம்பி, சிமெண்ட், ஜல்லி என்று எது எப்போது வரவேண்டும், எது வந்து சேர்ந்தது என்று பார்ப்பதுதான் என் வேலை. சேர்ந்த ஆறாவது மாதம் கம்பெனி எங்களுக்கு ஒரு ஆப் கொடுத்தது. கம்பிக் கட்டில் ஒட்டியிருக்கும் சீட்டை ஸ்கேன் செய்தால், அது எந்த ஆலையிலிருந்து என்றைக்குக் கிளம்பியது என்று போன் சொல்லும். பிளாண்ட்டில் கலந்து கொண்டுவரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டிகள் மேப்பில் நீலப் புள்ளிகளாக நகர்ந்து வரும்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு முன்னெல்லாம், வண்டி எங்கே என்று கேட்டால் எல்லா டிரைவரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "தோ, மணலி தாண்டிட்டேன்." போனில் பின்னாலேயே ஒரு பஸ் கண்டக்டர் "புழல்லாம் எறங்கு" என்று கத்துவது கேட்கும். மணலிக்கு எவ்வளவோ முன்னால் இருப்பது புழல்.

அந்த டிரைவர்களில் ஒருவர் வண்ணாரப்பேட்டைக்காரர். ஐம்பது வயதிருக்கும். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் தங்கச்சி. ஆப் வந்த புதிதில் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "நா எங்க நின்னு டீ குடிக்கிறேன்னு இது சொல்லுமா?" என்றார்.

"சொல்லும் பாய்."

"டீ நல்லாகீதான்னு சொல்லுமா?"

பிறகு ஒருநாள் மூன்றாவது மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டோம். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். மொத்தம் ஏழு வண்டி. தளம் போடும்போது பாதியில் நிற்கக்கூடாது. போட்டது இறுகிவிட்டால் அடுத்துப் போடுவது அதோடு சரியாக ஒட்டாது, பிற்காலத்தில் அந்த இடத்தில்தான் தண்ணீர் இறங்கும். அதே மாதிரி, கலவை கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். ஆப் அந்த நேரத்தை நிமிடம் நிமிடமாகக் குறைத்துக் காட்டும்.

மூன்று வண்டி ஒழுங்காக வந்தது. நான்காவது பாயுடையது. அவருடைய புள்ளி மணலி சாலையில் அப்படியே நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. போன் போட்டேன்.

"முன்னாடி டிரெய்லரு, பின்னாடி டிரெய்லரு. நா மட்டும் நடந்து வரட்டா தங்கச்சி?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "டிரம்மு சுத்திகினுதான் கீது. நீ பேஜாராவாத" என்றார்.

புள்ளி மறுபடி நகர ஆரம்பித்தபோது நேரம் முடிந்துபோயிருந்தது. திரை சிவப்பாகி, 'திருப்பி அனுப்பவும்' என்று வந்தது. பத்து நிமிடத்தில் பாயின் வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. அதே சமயம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில், "அந்த லோடை இறக்காதீங்கம்மா" என்றார். மேலே மேஸ்திரி, "கலவை எங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நா லோடு ஏத்துனதே லேட்டுமா. பிளாண்ட்ல பெல்ட்டு நின்னுபோச்சு. முக்கா மணி நேரம் சும்மா நின்னுகினு இருந்தேன்." கேபினுக்குள் ஏறி, எடைமேடையில் கொடுத்த சீட்டை எடுத்து வந்து நீட்டினார்.

லோடோடு வெளியே வந்த நேரம் அதில் அச்சாகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் வரிசையில் போய் நின்றபோதே பிளாண்ட்டில் யாரோ ஆப்பில் நேரத்தைத் தொடங்கிவிட்டிருக்கிறார்கள். உண்மையில் கலவைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சீட்டை மட்டும் நம்பித் தளம் போட முடியாது. இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம் கலவையை வாங்கி இரும்புக் கூம்பில் நிரப்பி, கூம்பை மெல்ல மேலே தூக்கினார். கலவை எவ்வளவு உட்காருகிறது என்று ஸ்கேலால் அளந்தார்; இறுகத் தொடங்கியிருந்தால் உட்காராது. சூடும் பார்த்தார். பாய் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் ரிசல்ட் பார்க்க வந்த அப்பா மாதிரி அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடலாம்," என்றார் இன்ஜினியர்.

சிவப்பை மீறி வண்டியை ஏற்க வேண்டுமென்றால், யார் பொறுப்பு என்று ஆப் கேட்கும். என் பெயரை அடித்தேன். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன். அலுவலகத்துக்காரர் திரும்பக் கூப்பிட்டு, "நாளைக்கு எதுனா ஆச்சுன்னா?" என்றார்.

"என் பேர்தானே இருக்கு சார், என்னைக் கேளுங்க" என்றேன். பம்ப் ஓடத் தொடங்கியது. மதியத்துக்குள் ஏழு வண்டியும் முடிந்தது.

ஆனால் ஆப் பாயின் பெயரில் 'தாமதம்' என்று குறி போட்டுவிட்டது. பிளாண்ட்டில் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தச் சீட்டைப் படம் எடுத்து மூன்று முறை அனுப்பினேன், போனில் கத்தினேன். ஐந்தாம் நாள்தான் குறியை எடுத்தார்கள். நான்கு வாரம் கழித்து, அந்த லோடில் பலம் சோதிக்க எடுத்து வைத்த கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்த ரிசல்ட் வந்ததும் முதல் போன் அவருக்குத்தான்.

"பாஸா?"

"பாஸ், பாய்."

அடுத்த லோடு கொண்டுவந்த அன்று ஸ்டோருக்குள் வந்து, "அந்தப் புள்ளிய ஒருதபா காட்டு" என்றார். காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இதான் நானா?"

"ஆமா பாய்."

"கொஞ்சம் எளச்சிக்கீறேன்."

அதற்கப்புறம் பிளாண்ட்டில் முறையை மாற்றினார்கள். லோடு ஏறி முடிந்ததும் டிரைவரே அமுக்கினால்தான் நேரம் ஓடத் தொடங்கும். அதை என்னிடம் சொன்னபோது பாய், தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பள்ளிக்கூடம் முடிந்து நான் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டேன். போன வருஷம் வண்ணாரப்பேட்டையில் துணி எடுக்கப் போனபோது எதிரே பாயும் அவர் மனைவியும் வந்தார்கள். "இதான் அந்தத் தங்கச்சி" என்றார் அவர். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உன்ன பத்திப் பேசாத நாளே இல்ல. இம்மாம் குள்ளமா இருப்பேன்னு மட்டும் இந்த மனுசன் சொல்லவேல்ல!"

நடுரோட்டில் மூன்று பேரும் நின்று சிரித்தோம். அப்புறம் நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அந்த அம்மா என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். துணி எடுக்க எனக்கு நேரமே இல்லாமல் போயிற்று.