சலோமி மொண்ட தண்ணீர்

ராத்திரி முழுக்க உமி அடுப்புக்குத் தீனி போடுகிறவனுக்கு, விடிந்த பிறகுதான் கனவு காண நேரம். ராத்திரி வேலை பார்க்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! நெசவு வீட்டில் பிறந்தும் தறியில் உட்காரப் பொறுமையில்லாமல், அறுபதுகளில் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் நெல் அவித்தேன்.

ஆவிக்குள் ஒரு குரல்

அவித்த நெல்லைக் களத்தில் கொட்டினால் ஆவியில் ஆளே தெரியாது. கிளறுகிற பெண்களின் கால்கள் மட்டும் நடக்கும். அப்படியொரு விடியலில் காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் உபதேசியார் வந்தார். யாரும் தீண்டாத ஜனத்துப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட கதையைச் சொன்னார். அரைத் தூக்கத்தில் எனக்குப் பாலாறே கரைபுரண்டு வந்தது.

எங்கள் மில்லில் பித்தளை டம்ளர் எங்களுக்கு. சேரிப் பெண்கள் குனிந்து கை ஏந்தணும், மேஸ்திரி பானையிலிருந்து மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார். கிளறுகிறவர்களில் மூத்தவள் சலோமி சொன்னாள்: "கேக்க நல்லாத்தான் இருக்குது ஐயா. இங்க வந்து கேக்கச் சொல்லுங்க அவரை!"

வெள்ளை ஜிப்பா

உபதேசியாரின் வெள்ளை ஜிப்பாவைப் பார்த்து மேஸ்திரி என்ன நினைத்தாரோ, டம்ளரில் மொண்டு பணிவாக நீட்டினார். உபதேசியார் குடிக்கவில்லை. "எங்கம்மாவும் களத்துல கை ஏந்தினவங்கதான்" என்று தண்ணீரைக் கொட்டிவிட்டு டம்ளரைச் சலோமியிடம் கொடுத்தார். "தாகமா இருக்குதுமா, நீ மொண்டு குடு."

"பானையைத் தொட்டே, நாளைக்கு வேலை கிடையாது" என்றார் மேஸ்திரி. சலோமி டம்ளரைப் பானைக்குள் விட்டு மொண்டாள். உபதேசியார் சொட்டு விடாமல் குடித்தார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்: "போச்சு! பானையே போச்சுப்பா!"

கேட்டுக்கு வெளியே

மறுநாள் சலோமியை உள்ளே விடவில்லை. மற்ற பெண்களும் அவளோடு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் உபதேசியார் பாடிக்கினு இருந்தார். கிளற ஆளில்லாமல் நெல் குவியலாகவே புழுங்கியது. வெயில் ஏற ஏற நாற்றம் முதலாளி வீடுவரை போயிருக்க வேண்டும், ஓடி வந்தார். "உள்ள வாங்கம்மா" என்றார். சலோமி எழுந்திருக்கவில்லை. "முதல்ல டம்ளரு."

"குடுத்துத் தொலைய்யா!" என்று மேஸ்திரியிடம் கத்தினார் முதலாளி.

சலோமி பானையிலிருந்து மொண்டு, அவசரமே இல்லாமல் குடித்தாள். அடுப்படியிலிருந்து வந்த எனக்கும் நாக்கு வறண்டிருந்தது. மறுபடி மொண்டு என் பக்கம் திரும்பினாள்: "டம்ளர்ல குடிக்கிறியாண்ணா, இல்ல கை ஏந்தறியா?"

நான் மதமெல்லாம் மாறவில்லை, ஆனால் இன்றைக்கும் டம்ளரைக் கையில் எடுத்தால் வருகிற தூக்கம் கலைந்துவிடுகிறது.