பீன்ஸ் பாத்தியில் துளிர்த்த தேயிலை

தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க மருமகள் செருகிய செம்பருத்திக் குச்சி போன வாரம் துளிர்விட்டது. "பாருங்க மாமி, சும்மா ஊனுனது!" என்று கூப்பிட்டுக் காட்டுகிறாள். துளிரைப் பார்த்துப் பயப்படும் ஒரே கிழவி நானாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்த புதிது. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் நானும் அம்மாவும் போட்டிருந்த பாத்தி நாலு பாய் விரிக்கிற அகலம்தான். பீன்ஸ், லீக்ஸ், மூலையில் ஒரு பூசணி. ஓரமெல்லாம் நான் ஓடைக்கரையிலிருந்து பிடுங்கிவந்து நட்ட காட்டுக் காசித்தும்பை. "இதையா கறி வைக்கப் போறே?" என்பாள் அம்மா. லயத்தின் ஒற்றை அறையைக் காம்பரா என்போம்; அடுத்த காம்பரா பூமணி அக்காதான் அதை ரசித்தவள். அவள் எனக்குப் பீன்ஸ் விதை தந்தாள், நான் அவளுக்குப் பூச்செடி கொடுத்தேன். அந்தப் பூவின் ரோஸ் நிறத்தைப் பற்றியே நான் ஒரு மணி நேரம் பேசுவேன். விஷயத்துக்கு வரப் பிடிக்காவிட்டால் அப்படித்தான்.

பீன்ஸ் கொடிக்குக் கம்பு வேண்டுமே. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சியை மிலாறு என்போம். அடுப்பெரிக்க எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நாங்களும் பக்கத்துப் பாத்திக்காரி பூமணி அக்காவும் அதைத்தான் ஊன்றியிருந்தோம். அந்த வருஷ அடைமழையில் குச்சிகள் துளிர்த்தன. நான் மடச்சி, சந்தோஷப்பட்டேன்.

ஒரு சாயந்திரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தோட்டத்து மேற்பார்வைக்காரர் கண்டாக்கு ஐயா சத்தம் போட்டார். புதிதாக நட வளர்த்த தேயிலைக் கன்றுகள் களவு போய்விட்டனவாம். "இப்பவே லயத்துக்கு வர்றேன். எவன் பாத்தியில தேயிலை நிக்குதோ அவனுக்குப் பத்துச்சீட்டு!"

பத்துச்சீட்டு என்றால் பெயரை வெட்டி, காம்பராவைக் காலி செய்யச் சொல்லும் சீட்டு. குடியுரிமையும் இல்லாத எங்களுக்கு வேறு கூரை ஏது?

அம்மாவும் நானும் குறுக்குப் பாதையில் ஓடினோம். பூமணி அக்கா பிள்ளை பெற்று இருபது நாள். வேலைக்கு வரவில்லை, அதனால் எதுவும் தெரியாது. வாசலில் நின்று, "என்னாடி இந்த ஓட்டம்?" என்றாள்.

"மழை வரப்போவுதுக்கா, துணி காயுது."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நேரம் போய்விடும் என்று பயம். இன்று வரை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான்.

கம்பைப் பிடுங்கினால் புதுக்குழி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் துளிரைக் கிள்ளினோம். பகலெல்லாம் தோட்டத்துக்குக் கிள்ளிய கை, அப்போதுதான் சொந்த வீட்டுக்குக் கிள்ளியது. அம்மா தன் பங்கை அடுப்பில் போட ஓடினாள். என் கையில் ஒரு பிடி மிச்சமிருக்கும்போதே ஐயாவின் சப்பாத்துக் கால் சத்தம் கேட்டது. எறிய இடமில்லை. வாயில் திணித்துக்கொண்டேன்.

"என்னா, வாயில கொழுக்கட்டையா?"

"பல்லுவலிங்க ஐயா," என்று அம்மா ஓடிவந்தாள்.

கம்புகளைத் தடவிப் பார்த்தார், காசித்தும்பையை மிதித்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார். அங்கே ஒவ்வொரு குச்சியிலும் பளபளவென்று தேயிலைத் துளிர்.

"மிலாறுங்கய்யா, அதுவா துளுத்துச்சு," என்று பிள்ளையைத் தோளில் போட்டபடி அழுதாள் பூமணி அக்கா.

"அதுவா துளுத்துச்சா? அப்போ பக்கத்துப் பாத்தியில ஏன் துளுக்கல?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சாட்சி என் வாய்க்குள் இருந்தது. கசப்புச் சாறு தொண்டையில் இறங்கியது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இறங்கிப்போனார்கள். வேறு தோட்டமா, இந்தியாவுக்குக் கப்பலா, யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டு ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். பாத்தி இருந்த இடத்தில் பஸ் திரும்புகிறது. அம்மாவும் போய்விட்டாள். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் இரண்டு வீட்டுக்குமே சீட்டு வந்திருக்கலாம், யாருக்குமே வராமலும் இருந்திருக்கலாம். எது என்று சொல்ல இனி ஆள் இல்லை.