கம்பளிக்குள் சித்திரை

கம்ப்யூட்டரைச் சுற்றிக் கம்பளியால் கூடாரம் கட்டி, உள்ளே ரூம் ஹீட்டரையும் தள்ளிவைக்கிறாள் ஷர்மிளா. வெளியே, மலைமேல் மூஞ்சிக்கல் சாலையில் தை மாதக் குளிருக்கு ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். உள்ளே தொங்கும் தெர்மாமீட்டர் நாற்பதைத் தொட்டால்தான் அவள் முகத்தில் தெளிவு வரும்.

"மெஷினு இங்கயா கெடக்கப்போவுது? பழனிக்கு எறங்குது. சித்திரையில அங்க ஒரு நாள் இருந்து பாருங்க" என்பாள், கேட்காதவர்களிடமும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பம். தினமும் பள்ளங்கியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் கடையைத் திறக்கிறாள். பிராசஸரை அதைச் செய்தவர்கள் சொன்னதைவிட வேகமாக ஓடவைப்பதில் இந்த மலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவசரப்படவே மாட்டாள். முதலில் ரேமைத் தாழ்ந்த வேகத்தில் அடக்கிவைத்துவிட்டு, பிராசஸரை மட்டும் ஏற்றுவாள். அது நிலைத்த பிறகுதான் ரேமைப் படிப்படியாக உயர்த்துவாள்.

"ரெண்டையும் ஒண்ணா முடுக்குனா, விழுந்தப்புறம் எது தள்ளுச்சுன்னு தெரியாதுங்க."

ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை. அது முடியும்வரை கடலை உரிப்பாள். தோலெல்லாம் ஸ்வெட்டர் பைக்குள் போகும். ஒரு துணுக்கும் மெஷின் பக்கம் பறக்காது.

ஜெயமுருகன் பழனியில் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் அங்குள்ள ஸ்டூடியோக்காரர்கள் மலையேறி இவளிடம் வருகிறார்கள். அவர் முகம் கோணினால் பாதி வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும், பயமும் உண்டு.

போன வாரம் தன் மெஷினை எடுத்துப்போக வந்தவர் திரையைப் பார்த்தார். அவர் வாங்கித்தந்த ரேமின் அட்டையில் வேகம் 6400 என்றிருந்தது. திரையில் 6000.

"ஏம்மா, மிச்ச நானூற எங்க விட்ட?"

"குளுருல நல்லாத்தாண்ணே ஓடுச்சு. கம்பளிக்குள்ள ஒரு மணி நேரத்துல தப்பு காட்டிருச்சு. ஆறாயிரத்துல நேத்துப் பகல் பூரா ஓட்டுனேன், ஒரு தப்பில்ல."

"கம்ப்யூட்டருக்குக் கம்பளி போத்துறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான். மதுரையில குடுத்தா அரை மணியில வச்சுக் குடுப்பான்."

"வைப்பாங்க. வெயில் காலத்துல தாலி கட்டுற வீடியோத் துண்டு கெட்டுப்போச்சுன்னா என்ன செய்வீங்க? மாப்பிள்ளைய இன்னொருக்கா கட்டச் சொல்லுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆறாயிரத்து நானூறு வையி. இல்லேன்னா எடுத்துட்டுப் போறேன். பழனிக்காரன் ஒருத்தனும் பெறகு இந்தப் படி மிதிக்க மாட்டான்."

ஷர்மிளாவின் காது மடல் சிவந்தது. அட்டையில் அச்சடித்தவனை நம்புகிறார், ஒரு வாரம் கூடவே உட்கார்ந்தவளை நம்பவில்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"என் கையால அந்த வேகத்த வைக்க மாட்டேண்ணே. எடுத்துட்டுப் போங்க."

வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் கை நீட்டுமுன் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கி, அவருடைய ஜீப்பின் முன் சீட்டில் உட்காரவைத்தாள். பழனிவரைக்கும் வளைவுகள். பெல்ட்டை மெஷினின் குறுக்கே இழுத்து மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.