நடக்கத் தெரியாத கார்

எங்க வீட்டுக்காரர் காலமெல்லாம் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா உட்காருவார் என்று இருந்தேன். எங்கே? பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி அதன் இஞ்சினுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

போன வருசம் அவர் தம்பி புதுக் கார் வாங்கினார். ஒக்கூர் போகிற வழியில் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார். அன்றோடு வீட்டில் நிம்மதி போச்சு.

“கேம் டைமிங்கை மாத்தினா இவனப் பிடிச்சிரலாம்” என்றார்.

இஞ்சின் மூச்சு விடுகிற வாசல்தான் வால்வு. அதைத் திறந்து மூடுவது கேம் தண்டு. கொஞ்சம் பிந்தித் திறக்கிற மாதிரி வைத்தால் வேகத்தில் நல்லா இழுக்குமாம். லேத்துப் பட்டறையில் கொடுத்து, அந்தத் தண்டின் சக்கரத்தை முன்னே பின்னே திருப்பி வைக்கத் தோதாக அதன் துளைகளை நீட்டி வாங்கி வந்தார். அவருக்குத் தூரத்துப் பார்வை சரி, கிட்டத்தில் மங்கல். சக்கரத்தில் அடையாளத்துக்கு வைத்த புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவும் அதைத் தள்ளி வைக்கவும் நான்தான். எழுத்துக் கூட்டத்தான் எனக்குத் தடுமாறும். அந்தப் புள்ளியை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

“இன்னும் ஒரு நூல் பின்னால தள்ளு.”

“போதுங்க, இடுப்பு விட்டுப்போச்சு.”

“ஒரே ஒரு நூல்டி.”

வண்டி இழுக்கத்தான் செய்தது. தேவகோட்டை ரோட்டில் தம்பியைத் தாண்டி இவரும் ஹாரன் அடித்தார். ஆனால் கடைத்தெருவில் மெதுவாகப் போனால் திக்கித் திக்கி அணைந்துவிடும்.

அந்த நேரம் அமராவதிபுதூரில் பேத்தி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசுவதாகச் சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். “எங்க கார் இருக்கையில வாடகைக் காரா?” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து, பழையபடி வையுங்க என்று அவரிடம் மன்றாடினேன்.

“மேளத்துக்குப் பின்னால நடக்குற வேகந்தானே? அதுகூடவா போகாது?” என்றார்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினார். மேளம் நகர்ந்தது. கார் நகர்ந்தது, அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. அழுத்தி மிதித்தால் ஒரே பாய்ச்சல். நாதஸ்வரக்காரர் ஊதுவதை விட்டு ஓரமாகக் குதித்தார்.

“அண்ணே, தாலி கட்டு நாளைக்குக் காலையில. அதுக்குள்ள வந்துருவீகளா?” என்று தம்பி கேட்கவும் தெருவே சிரித்தது.

மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். “இருக்கட்டும் தாத்தா, நடந்தே போயிருவோம்.”

மாலையும் கழுத்துமாக அவர் நடக்க, முழங்கால் வலியோடு நானும் பின்னால் நடந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு தடவை மட்டும் திரும்பினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் காருக்குள்ளேயே இருந்தார்.

மறுநாள் தாலி கட்டி முடித்துப் பொண்ணும் மாப்பிள்ளையும் நேமத்தான்பட்டிக்குக் கிளம்ப வேண்டும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, எங்க காரைத்தான் கேட்டிருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் போனால் பானெட் திறந்து கிடக்கிறது.

“இந்தா, புள்ளி எங்குட்டு நிக்குதுன்னு பாரு. பழைய இடத்துக்கே கொண்டாந்துரு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

 பட்டுச்சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு குனிந்தேன்.

வண்டி ஒரே சீராகப் போனது. பின் சீட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் பின்னாலிருந்து தம்பி ஹாரன் அடித்தார். இவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டார்.

நான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.