சித்தி மான் பார்க்கப் போனது

கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா அப்பாவிடம் பார்த்தது அவருடைய வலது கால் கட்டைவிரலை மட்டும்தான். பெண் பார்க்க வந்த அன்று தலை நிமிராமல் காபித் தட்டோடு நின்றவளுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. "நகம் சுத்தமா வெட்டியிருந்துச்சி, நல்ல மனுஷன்தான்னு நெனச்சிக்கினேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் வீடே சிரிக்கும். சித்தி மட்டும் சிரிக்க மாட்டாள்.

சித்தி அம்மாவின் தங்கை. நான் மூன்றாவது படிக்கும்போது அவளுக்கு ஒரு வரன் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்த் தரகர் ஒருவர் கொண்டு வந்தார். மாப்பிள்ளை பட்டணத்தில், கிண்டிக் காட்டில் காவலர். அந்தக் காட்டைத் தேசியப் பூங்கா என்று சர்க்கார் அறிவித்த புதுசு. எங்கள் ஊருக்கு அது எப்போதும் மான் காடுதான். சர்க்கார் சம்பளம், காக்கி உடுப்பு, பீடி கூடக் கிடையாது என்று தரகர் அடுக்க அடுக்க மாமாவுக்கு வாயெல்லாம் பல். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். தாத்தா போன பிறகு, நாங்களும் கூடவே இருந்த அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆடி கழியட்டும், ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று பேச்சாயிற்று. அவர்கள் போட்டோ கேட்டார்கள். பெண்ணின் படம் நாலு பேர் கையில் புரளக்கூடாது என்று மாமா மறுத்துவிட்டார். அதனால் அவர்களும் படம் அனுப்பவில்லை. ஆக, இவளுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவளைத் தெரியாது.

சித்தி அப்போது ஊராட்சி ஒன்றியத்தின் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்புப் பெண்களை வருஷம் ஒருமுறை கிராம சேவிகா அம்மா எங்காவது ஒருநாள் சுற்றுலா கூட்டிப் போவார். அந்த வருஷம் மாமல்லபுரம் என்று முடிவாகியிருந்தது. சித்தி போய் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அது கிண்டி என்று மாறியது. காட்டுக்குள் காவலரே கூட வந்து சுற்றிக் காட்டுவார்களாம்.

மாமா ஒன்றும் ஏமாந்தவர் இல்லை. "மாப்பிள்ள வந்து பொண்ணு பாக்கறதுக்கு முன்ன பொண்ணு போயி மாப்பிள்ளையப் பாக்கறதா? ஊரே சிரிக்கும்டி" என்று குதித்தார்.

"சிரிக்கட்டும்ணே. நான் காலம் பூரா அழாம இருந்தா சரி."

அதோடு அவள் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதில் வேறொன்று ஆரம்பித்தாள். சோறு துன்னியா என்று கேட்டால், "துன்னேன், கிண்டி போறேன்" என்பாள். மாட்டுக்குத் தண்ணி வச்சியா? "வச்சேன், கிண்டி போறேன்." குரலை உயர்த்தவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. வீட்டில் யார் என்ன கேட்டாலும் கடைசியில் கிண்டி வந்து நின்றது. மூன்றாம் நாள் சாப்பாட்டில் மாமா, "ரசம் வச்சியா?" என்று கேட்டுவிட்டு அவரே அவசரமாக, "தாயே, போய்த் தொல!" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. துணைக்கு நான் போக வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொள்ளத் தெரியாத நான் துணை!

எனக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு மான் படம் உண்டு. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு மட்டும் யாரோ பிடித்து முறுக்கிவிட்டது போல நீளமாக இருக்கும். அந்த முறுக்குக் கொம்பு மானைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று நான் சங்கற்பம் செய்திருந்தேன்.

விடியலில் பஸ் ஏறினோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிந்ததும் பெண்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். சித்தி சாயவில்லை. என் காதைப் பிடித்து, "அங்க போயி சித்தப்பா கித்தப்பான்னு வாயத் தெறந்த, வாயத் தெச்சி வுட்டுடுவேன்" என்றாள். அவள் தையல் வகுப்பில் முதல் ஆள் என்பதால் நான் நம்பினேன். பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, கிண்டி போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில்.

வாசலில் இரண்டு காவலர்கள் இருந்தார்கள். கேட்டைத் திறந்துகொண்டிருந்த உயரமானவரை மற்றவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தரகர் சொன்ன அதே பெயர். சித்தியின் பிடி என் கையில் இறுகியது. உயரமானவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டும் திரும்பவில்லை. கூப்பிட்டவர் கோபித்துக்கொள்ளாமல் நடந்து போய், அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நின்று, "லேடீஸ் பார்ட்டி வந்திருக்குப்பா, நீ கூட்டினு போ" என்றார். இது என்ன மனிதர், கூப்பிட்டால் ஏனென்று கேட்காமல்! எனக்கு அங்கேயே அவரைப் பிடிக்கவில்லை.

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. அவர் முன்னால், நாங்கள் வரிசையாகப் பின்னால். நான் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும், மானுக்கு எதையும் போடக்கூடாது, சத்தம் கூடாது என்று மூன்று விதிகள் சொன்னார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, திரும்பி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னாடி இவன், பொம்பளைங்க மூஞ்சியே பாத்துகினு வரான்" என்று கிசுகிசுத்தாள். நான் அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நடந்தாள். புள்ளிமான் கூட்டம் ஒன்று ஆலமரத்தடியில் படுத்திருந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை. மான் பார்க்க வந்தவர்களிலேயே மானைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

பாதை அகலமான இடத்தில் சித்தி விறுவிறுவென்று முன்னால் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு அவருடைய இடது கைப் பக்கம் சேர்ந்து நடந்தாள். "கோடையில இதுங்களுக்குத் தண்ணி ஏது?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் பாட்டுக்கு நடந்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சித்தி பின்னால் தங்கி, சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். அவர் உடனே நின்றார். முழுதாகத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, வரிவரியாகப் பதில் சொன்னார். குட்டை இருக்கிறது, சித்திரையில் வற்றிவிடும், தொட்டியில் ஊற்றி வைப்போம், ஆள் வாடை இருந்தால் குடிக்காது, அதனால் ஊற்றிவிட்டு ஓடி வந்துவிடுவோம். அவள் அடுத்ததைக் கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.

"நீங்கல்லாம் எந்த ஊரு?" என்று அவர் கேட்டார்.

"செம்பரம்பாக்கத்துக்கு அந்தாண்ட" என்றாள் சித்தி.

"அடுத்த மாசம் நானே அந்தப் பக்கம் வரணும்."

"எதுக்கு?" என்று பின்னால் இருந்த அக்கா விடாமல் கேட்டாள்.

"சொந்த வேல" என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். காது வரை சிவந்துவிட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த அநியாயம் நடந்தது. ஒரு புல்வெளி ஓரம் வந்ததும், யாரோ விசில் அடித்தது போலப் புள்ளிமான் ஒன்று கத்தியது. சத்தம் இடது பக்கம். எல்லாரும் இடது பக்கம் திரும்பினோம். அவரோ வலது பக்கம் திரும்பி, "அதோ, அந்தப் பக்கம்!" என்று கையை நீட்டினார். காவலரே சொல்கிறாரே என்று நாங்களும் வலது பக்கம் திரும்பினோம். அங்கே புதரைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஏதோ கறுப்பாகப் பாய்ந்து முள்ளுக்குள் மறைந்தது. என் மான்! முறுக்குக் கொம்பின் நுனியைக்கூட நான் பார்க்கவில்லை. பெண்கள் சிரித்தார்கள். "மான் எங்க கத்துதுன்னு கார்டுக்கே தெரிலயே!" என்று நானும் உரக்கச் சிரித்தேன், அழுகையோடு. சித்தி என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஆவணி வரை கன்றிக் கிடந்தது.

அவர் சிரிக்கவில்லை, சமாளிக்கவும் இல்லை. என் எதிரே குனிந்து, "என் தப்பு பாப்பா" என்றார். அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க. எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தாலும் நான் மன்னிக்கவில்லை. அதற்குப் பின் ஆலமரத்தடியில் புளிசோறு சாப்பிட்டோம், பாம்புப் பண்ணையில் பாம்பு பார்த்தோம், பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் மாமா காத்துக்கொண்டிருந்தார். துணைக்குப் போனவள் என்ற முறையில் என்னைத்தான் முதலில் கேட்டார். நான் விட்டு வைப்பேனா? "கூப்ட்டா திரும்ப மாட்டாரு. பொம்பளைங்க மூஞ்சியே பாத்துகினு வராரு. மான் எங்க கீதுன்னே அவருக்குத் தெரில" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"போதும். இந்த எடம் வோணாம்" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆவணியில வரச் சொல்லுங்கண்ணே" என்றாள் சித்தி.

"இன்னாடி, கொழந்த பொய் சொல்றாளா?"

"இல்ல. எல்லாம் நெசந்தான்."

"அப்பறம்?"

"நான் பேசினா அவரு மூஞ்சியப் பாத்துக் கேக்கறாரு. இந்த வூட்ல இத்தினி வருஷத்துல நான் பேசி யாரு அப்டிக் கேட்டீங்க?"

மாமா அதற்குள் அம்மா பக்கம் திரும்பியிருந்தார். "இன்னா சொல்றா இவ?" என்று அம்மாவைக் கேட்டார். மறுநாளிலிருந்து வீட்டில் எந்தக் கேள்விக்கும், "வச்சேன், வரச் சொல்லுங்க" என்ற பதில் வர ஆரம்பித்தது. இந்த முறை மாமா மூன்று நாள் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காவலருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துப் போனது. எந்தச் சத்தம் வந்தாலும் வலது பக்கத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும். பின்னால் வருகிறவர்கள் இருக்கிறார்களா, தவறிவிட்டார்களா என்று காதால் தெரியாததால் கண்ணால் எண்ணிக்கொண்டே போவார். தரகர் இதைச் சொல்லவில்லை. பெண் பார்க்கும் இடத்தில் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். சித்தி அந்த ஒரு நாளில் கண்டுபிடித்துவிட்டாள், எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது நான் தாவணி போட்ட பிறகு.

ஆவணியில் வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்தார்கள். அடுக்களையிலிருந்து வருகிறவர்கள் நேராக அவருடைய இடது கைப் பக்கம்தான் வந்து நிற்க முடியும். வலது பக்கம் தரகர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது.

சித்தி காபித் தட்டோடு வந்தாள். இடது பக்கம் நிற்கவில்லை. ஆண்கள் எல்லாருக்கும் முன்னால் குறுக்கே நடந்து, தரகரின் காலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். மாமா பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. பெண் பார்க்கும் நாளில் பெண் வாய் திறப்பது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. அவளோ குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "சக்கர போதுங்களா?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். முகத்தை அடையாளம் தெரிந்துவிட்டது. முதலில் பயந்துவிட்டார். பிறகு அவள் வந்து நிற்கிற பக்கத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "போதும்" என்றார். காபியை இன்னும் வாயில் வைக்கவே இல்லை, சர்க்கரை போதும் என்று எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனாலும் அவர் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது. பழசை மறந்து சமாதானமாகப் போகலாம் என்று, அடுக்களை ஓரமாக நேரே போய் அவர் பக்கத்தில் நின்றேன். "அந்த முறுக்குக் கொம்பு மான் அப்பறம் வந்துச்சா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. இவ்வளவு திமிரா என்று ஆத்திரத்தோடு நிமிர்ந்தால், கதவு மறைவில் சித்தி நின்றுகொண்டு, அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று எனக்குக் கையை வீசிக்கொண்டிருந்தாள். என்னை வெளியே போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காய் விட்டுவிட்டு, தெருவுக்குப் போய் நின்றுகொண்டேன்.