சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பியூட்டர்

தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு அட்டைப் பெட்டிகூட மிஞ்சாத காலம் ஒன்று இருந்தது. பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, என் வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருந்த செருப்புப் பெட்டி, எல்லாவற்றையும் மகள் வெட்டிவிட்டாள். ஒவ்வொரு அட்டையிலும் பெரிய கட்டம் ஒன்று, மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறி, நடுவில் எழுதுவதற்கு ஒரு நீளக் கட்டம், கீழே பட்டன் என்று ஒரு குட்டிக் கட்டம். அதுதான் கம்பியூட்டராம். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

வடக்கில் சண்டை நின்றிருந்த கொஞ்ச காலம் அது. இரத்தோட்டை டவுனில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில், மாத்தளையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் டீச்சர் சனிக்கிழமைகளில் கம்பியூட்டர் வகுப்பு வைத்தார். இருந்தது இரண்டு மெஷின். பிள்ளைகளோ பதினான்கு பேர். ஆளுக்கு அரைமணி நேரம் கிடைத்தால் பெரிது. மீதி ஆறு நாளும் வகுப்பு எங்கள் வீட்டில்தான். அதில் நான்தான் மெஷின்.

"அம்மா, பட்டன அமுக்குங்க."

அமுக்குவேன். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருப்பதை வாசிப்பாள். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'பெயர் எழுதவும்' என்று காட்ட வேண்டும். நிரம்பியிருந்தால் 'வணக்கம்' சொல்ல வேண்டும். இப்படிப் பட்டனுக்குப் பின்னால் எழுதி வைப்பதற்குப் பெயர்தான் புரோகிராமாம்.

"பேர எழுதாமலே அமுக்கிட்டீங்க."

"என் பேரு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது."

அடுப்பில் பருப்பு பொங்கி வழியும். நான் அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளை இந்த வயதில் மறுபடி ஸ்கூலில் சேர்த்துவிட்டாளே என்று எரிச்சலாக வரும். சொல்ல வாய் வராது. எனக்கு யாரிடமும் வாய் வராது. பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான்.

அதோடு விட்டாளா? அடுத்த பாடம் இரண்டு மெஷினைப் பேச வைப்பது. இந்த மெஷினில் எழுதி அனுப்பினால் அந்த மெஷினில் தெரிய வேண்டும். யாருடைய புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதோ, அந்தப் பிள்ளைக்கு மாத்தளையில் நடக்கிற பெரிய வகுப்பில் ஓர் இடம் தருவதாக டீச்சர் சொல்லியிருந்தார். இருந்தது ஒரே ஓர் இடம். என் வீட்டுக்காரரும் முடிவாகச் சொல்லிவிட்டார்: "அந்த எடம் கெடச்சா போகட்டும். இல்லாட்டி இந்தக் கூத்த இத்தோட நிப்பாட்டணும்."

ஒரு சனிக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தாள். இரண்டு மெஷினிலும் அவள் எழுதியது திறந்ததாம். திறந்து, இரண்டும் ஊமையாக நின்றனவாம். பிழை என்றுகூடக் காட்டவில்லையாம். டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "பிழைய நீங்களே தேடிப் புடிங்க மகள். அடுத்த சனிக்கிழமைதான் கடைசி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு அட்டைகளோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு மெஷினுக்கு நா எங்க போவேன்? நீங்க ஒண்ணு, அத்தை ஒண்ணு."

அவள் அத்தை என்றது என் வீட்டுக்காரரின் அக்காவை. பக்கத்துக் காம்பராதான். நடுவில் ஒரு சுவர், அதுவும் தகரக் கூரை வரைக்கும் போகாத சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் எனக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்று மூன்று வருடமாகியிருந்தது.

"அத்தைய விடு. வேற யாரயாச்சும் பாரு."

"அத்தை சரின்னுட்டாங்க. சுவர் நடுவுல இருந்தாத்தான் வெளங்கும்."

சரி என்றாரா? நம்ப முடியவில்லை. மகள் இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தாள். பேசாமல் இருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் ஆமிக்காரர்கள் லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். நாத்தனாரின் மகனைச் சந்தேகத்தில் ஜீப்பில் ஏற்றினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் அழுதது எனக்குக் கேட்டது. நான் கதவைத் தாழ் போட்டு, மகளின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூப்பிடாமலே வந்திருக்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். பையன் இருபது நாள் கழித்து வந்தான், மெலிந்துபோய். பிறகு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். நாத்தனார் என்னிடம் பேசவில்லை. அவர் பேசட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

பேச்சு நின்றது இதனால்தான் என்று மகளுக்கு எங்கே தெரியும்? அட்டையை என் கையில் திணித்தாள். நான்கு வரி எழுதியிருந்தாள். ஒன்று, காத்திரு. இரண்டு, கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று சொல்லு. மூன்று, சீட்டு வந்தால் படி. நான்கு, பதில் எழுதி அனுப்பு. சீட்டை ஒரு சாதிக்காய்க் கொட்டையில் சுற்றிச் சுவருக்கு மேலால் எறிய வேண்டும்.

"காத்திருக்கிறப்ப வேற வேல பாக்கக் கூடாது. மெஷின் தனக்குச் சொன்னத மட்டும்தான் செய்யும்."

"சோறு கொதிக்குதுடி."

"மெஷினுக்குச் சோறு கெடயாது."

"நீ எங்க போற?"

"பீலிக்கு. எழுதினவ பக்கத்துல இருந்தா சொல்லிக் குடுத்துருவேன். தானா ஓடணும்."

துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டாள்.

நான் சுவரோடு ஒட்டிப் பலகையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அவரும் உட்கார்ந்துவிட்டார். காத்திருந்தேன். கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று பார்த்தேன். சுவருக்கு அப்பால் வளையல் ஒருதரம் அசைந்தது. அவ்வளவுதான். நேரம் போகப் போக எனக்குக் கோபம் ஏறியது. பிள்ளையின் படிப்புக்காகக்கூட ஒரு வார்த்தை வராதா? இந்த மூன்று வருடத் திமிரை மகளின் அட்டையில்கூடக் காட்ட வேண்டுமா? சோறு கருகும் வாசனை வந்தது. இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரே சுவரின் இரண்டு பக்கம். நான் விறகை இழுத்துவிட்ட நினைப்பு எனக்கு. கருகுவது அவருடைய சோறு, போய்ப் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

மகள் ஈரத் துணியோடு வந்தாள்.

"எத்தன சீட்டுப் போச்சு?"

நான் வெறுங்கையைக் காட்டினேன். சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "அத்தை! நீங்களாச்சும்?"

"எனக்கு ஒண்ணும் வரல" என்றது சுவர்.

"ஒரு மணி நேரமா என்னதான் செஞ்சீங்க ரெண்டு பேரும்? ஒரு அட்டைய வாசிக்கத் தெரியாதா?" வாளியைப் போட்ட போட்டில் தண்ணீர் தெறித்தது. எனக்கும் பொறுமை போனது. "காத்திருன்னு எழுதியிருக்கே, காத்திருந்தேன்!" என்று அட்டையை அவள் முன்னால் எறிந்தேன். அப்படி நான் சத்தம் போட்டது அவளுக்கே புதிது.

குனிந்து எடுத்தாள். வாசித்தாள். ஓடிப்போய் அத்தையின் அட்டையை வாங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறாள். இரண்டிலும் முதல் வரி காத்திரு. மெஷினிலும் அப்படியே செய்திருக்கிறாள். இரண்டும் மற்றது கூப்பிடட்டும் என்று நின்றிருக்கின்றன.

"ஐயோ, ரெண்டும் காத்துக்கிட்டே இருந்தா எப்புடி! ஒண்ணாவது கூப்பிடணும்ல!"

என் அட்டையின் முதல் வரியை அடித்துவிட்டு 'முதலில் கூப்பிடு' என்று எழுதினாள். அத்தையின் அட்டையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, புரோகிராம் எழுதும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். எங்களை மறந்தே போனாள்.

நான் அட்டையோடு நின்றேன். அவ்வளவு சின்ன வேலை. ஒரு வார்த்தை. எழுதியிருக்கிறபடிதானே செய்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"மதினி."

அந்தப் பக்கம் ஸ்டூல் நகர்ந்தது. பிறகு, அட்டையை வாசிக்கிற குரலில், "இருக்கேன்."

அடுத்தது சீட்டு எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்க, அட்டையில் இல்லாதது ஒன்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

"ஒன் சோறு கருகி அரமணி நேரமாச்சு."

"என் சோறா? ஒங்க சோறுன்னுல்ல நெனச்சேன்!"

"நா இன்னும் அடுப்பே மூட்டல."

"சொல்லியிருக்கக் கூடாதா மதினி?"

"நீ கூப்பிடலையே."

அவர் என்ன நினைத்துக்கொண்டு நின்றாரோ, நான் அந்த விடியற்காலையைத்தான் நினைத்தேன். கடைசியில் அவர்தான் சொன்னார்: "சட்டியில தண்ணி ஊத்தி வை. நா ஒல வைக்கிறேன், எல்லாருக்கும் சேத்து."

அடுத்த சனிக்கிழமை, "நானும் ஒரு கம்பியூட்டர்தானே, நானும் வர்றேன்" என்று நாத்தனாரும் இரத்தோட்டைக்குக் கிளம்பிவிட்டார். மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தோம். மகள் இந்த மெஷினில் எழுதினாள். அந்த மெஷினில் தெரிந்தது. டீச்சர் தலையாட்டினார். மாத்தளை இடம் அவளுக்குத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நானும் நாத்தனாரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மூன்று வருடக் கதை. பையன் கொழும்பிலிருந்து எழுதியது, பலாக்காய் அழுகினது, யார் வீட்டில் யார் வந்தது எல்லாம் வந்தது. நானா இவ்வளவு பேசுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பஸ் முழுக்க எங்களையே பார்க்கிறது என்ற கோபத்தில் மகள் முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"இவ்வளவு பேசுறவங்க, அன்னைக்கு ஏன் ஒரு வார்த்தகூடப் பேசாம உக்காந்திருந்தீங்க?"

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் மடியில் இருந்த பையைப் பார்த்தேன்.

"நீ எழுதிக் குடுத்தபடிதானே உக்காந்திருந்தோம்" என்றார் நாத்தனார்.

மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆமா. அது என் பிழைதான்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் அவளைத் திருத்தவில்லை.